நூற்றெட்டு உருப்படிப் பெட்டியும் ஒரு நல்ல திருப்புளியும்

தீபாவளித் தள்ளுபடி சமயத்தில் வீடுகளுக்கு வந்து சேரும் சாமான்களில் செல்போனைப் பற்றியும் டிவியைப் பற்றியும்தான் எல்லோரும் பேசுவார்கள். கூடவே சத்தமில்லாமல் ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் வந்து சேருகிறது. 'நூற்றெட்டு உருப்படி ஹோம் டூல் கிட்' என்று மேலே ஒட்டியிருக்கும். விலை ஆயிரத்துச் சொச்சம். திறந்தால் சுத்தியல், குறடு, ஸ்பேனர் எல்லாம் அதனதன் பள்ளத்தில் அழகாகப் படுத்திருக்கும். வீட்டுத் தலைவர் அன்று சாயங்காலம் முழுக்க அந்தப் பெட்டியை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். பாவம், ஆசைதானே.

அந்த நூற்றெட்டை ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆணிகள் ஒரு கைப்பிடி, ஸ்க்ரூக்கள் ஒரு கைப்பிடி, பிளாஸ்டிக் ராவல் பிளக், வயர் கட்டும் கேபிள் டை... ஒவ்வொன்றும் ஒரு உருப்படி! இவற்றைக் கழித்தால் கருவி என்று சொல்லத் தக்கது பன்னிரண்டோ பதினைந்தோ தேறும். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரின் முனை மழுங்கி உருண்டையாகியிருக்கும். ஸ்பேனரின் வாய் அகன்றிருக்கும். பெட்டியின் பூட்டு உடைந்து ரப்பர் பேண்டு போட்டிருப்பார்கள். இதில் வீணானது ஆயிரம் ரூபாய் மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். மழுங்கிய முனை ஸ்க்ரூவின் தலையையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. அப்புறம் அந்த ஸ்க்ரூ எந்தத் திருப்புளிக்கும் மசியாது. ஐந்து நிமிட வேலைக்கு ஆள் கூப்பிட வேண்டியதாகிவிடும்.

ஒரு வீட்டுக்கு என்னதான் வேண்டும்? பட்டியல் சின்னது. நல்ல திருப்புளி இரண்டு, எட்டு அங்குல கட்டிங் பிளேயர் ஒன்று, கொண்டி வைத்த சுத்தியல் ஒன்று, திருகி அளவு மாற்றும் ஸ்பேனர் ஒன்று, டேப் ஒன்று, ஆக்ஸா பிளேடு பிரேமோடு ஒன்று, டெஸ்டர் ஒன்று. இதற்கு மேல் வாங்குவதெல்லாம் வேலை வரும்போது, அந்த வேலைக்காக, ஒவ்வொன்றாக வாங்க வேண்டியது. ஒரே நாளில் மொத்தமாக வாங்கினால் எல்லாம் சுமாராகத்தான் அமையும். ஹார்டுவேர் கடையில் நின்று, கையில் எடுத்து, கனம் பார்த்து வாங்குவது தனி. நாசிக்கில் தயாராகும் டபாரியா மாதிரிப் பெயர்களைப் பழைய எலெக்ட்ரீஷியன்கள் கடையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்கள் என்றால் அது விளம்பரத்தால் வந்ததில்லை. பஞ்சாபில் ஜலந்தரும் லூதியானாவும் கைக்கருவிகளை ஏற்றுமதியே செய்கின்றன. நம் ஊர்க் கடையில் கிடைக்கிற நல்ல இரும்பை விட்டுவிட்டு மினுமினுக்கும் பெட்டிக்குள் தேடுவானேன்?

திருப்புளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் வீட்டில் அதிகம் கெடுவது அதுதான், அதிகம் கெடுப்பதும் அதுதான். 'ஸ்டார்' என்று நாம் பொத்தாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பிலிப்ஸ். அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1930களில் காப்புரிமை பெற்றுக் கார் தொழிற்சாலைகளுக்குக் கொண்டு போனது. இன்னொன்று போஸிடிரைவ். பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் ஸ்க்ரூவின் தலையில் பெரிய கூட்டல் குறிக்கு நடுவே குறுக்காக மெல்லிய கோடுகள் தெரியும். 2018ல் ஹைதராபாத்தில் ஐகியா முதல் கடையைத் திறந்த பிறகு, தானே கோத்துக்கொள்ளும் மர அலமாரி பல வீடுகளுக்கு வந்துவிட்டது. இந்த வகை மேசை நாற்காலிகளில் போஸிடிரைவ் ஸ்க்ரூ சகஜம். அதில் பிலிப்ஸை விட்டுத் திருகினால் வழுக்கிக்கொண்டு மேலே வரும். அலமாரி சரியில்லை என்று திட்டுகிறவர்களில் பாதிப் பேர் திட்ட வேண்டியது தங்கள் கையில் இருக்கும் திருப்புளியைத்தான்.

அளவும் முக்கியம். வீட்டு ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டாம் நம்பர் முனை. தண்டிலேயே பி.எச்.2 என்று அடித்திருப்பார்கள். சின்ன முனையைப் பெரிய தலையில் விட்டுத் திருகுகிற பழக்கம் நம்மவர்களுக்கு எப்படித்தான் வந்ததோ. ஃபிளாட் திருப்புளியை உளியாக, நெம்புகோலாக, பெயிண்ட் டப்பா திறக்கும் சாவியாக ஆக்குகிற பழக்கமும் அப்படித்தான். பெயிண்ட் டப்பாவுக்கு ஒரு பழைய கரண்டிக் காம்பு போதாதா?

அடுத்து டெஸ்டர். முப்பது ரூபாய்க்கும் கிடைக்கும் இந்தக் குச்சியை நம்பித்தான் பலர் சுவிட்சுப் பெட்டிக்குள் கை விடுகிறார்கள். உள்ளே ஒரு சின்ன நியான் விளக்கு, அதோடு பத்து லட்சம் ஓம் அளவுள்ள ஒரு ரெசிஸ்டர். அவ்வளவுதான் சங்கதி. பின்னால் விரல் வைக்கும்போது மின்சாரம் நம் உடம்பு வழியாகத்தான் போகிறது! 230 வோல்ட்டைப் பத்து லட்சத்தால் வகுத்தால் ஒரு மில்லி ஆம்பியரில் கால்வாசி கூட வராது. அதனால் உறைப்பதில்லை. அதே 230 வோல்ட் அந்த ரெசிஸ்டர் இல்லாமல் நனைந்த கை வழியாக இறங்கினால், உடம்பின் தடை ஆயிரம் ஓம் வாக்கில் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டால், 230 மில்லி ஆம்பியர். உயிர்காக்கும் ஈ.எல்.சி.பி.யை 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைந்துவிடும்படி வைத்திருப்பது ஏன் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

ஆக டெஸ்டருக்குள் இருக்கிற அந்தக் கடுகளவு ரெசிஸ்டர்தான் நடுவில் நிற்கிறது. அதைத் திருப்புளியாகப் பயன்படுத்தி முறுக்கியிருந்தாலோ, ஈரத்தில் போட்டு எடுத்திருந்தாலோ அதை நம்பக் கூடாது. இன்னொரு விஷயம். டெஸ்டர் எரிந்தால் மின்சாரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எரியாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை! விளக்கு போயிருக்கலாம், வெயில் வெளிச்சத்தில் தெரியாமலிருக்கலாம், ரப்பர் செருப்போடு மர ஸ்டூலில் நிற்பதால் மங்கியிருக்கலாம். தொழில் தெரிந்தவர்கள் முதலில் மின்சாரம் இருக்கிற ஒரு பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்ப்பார்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்ப்பார்கள், மறுபடியும் பழைய பிளக்கில் பார்ப்பார்கள். மூன்று தடவை. பத்து வினாடி கூட ஆகாது.

கட்டிங் பிளேயரின் கைப்பிடியில் சிவப்பு பிளாஸ்டிக் இருந்தால் ஷாக் அடிக்காது என்பதும் இதே ரகமான நம்பிக்கை. மின்வேலைக்கென்று சோதித்த பிளேயரில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பொறித்திருக்கும். அது இல்லாத சிவப்பு, கைக்கு மெத்து மட்டுமே. மெயினை அணைத்துவிட்டுத்தான் வயரைத் தொட வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

சரி, டிரில்லிங் மெஷினுக்கு வருவோம். இதை வாங்காத வீடு மதிப்புக் குறைந்தது என்பது போல ஆகிவிட்டது. வாடகை வீட்டில் வருடத்துக்கு நாலு ஓட்டை போட மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் முடக்குவது எந்தக் கணக்கில் சேர்த்தி? தமிழ்நாட்டில் கொஞ்சம் பெரிய ஊர் எதிலும் டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின், ஏணி எல்லாம் நாள் வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன. நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிப் பொதுவாக வைத்துக்கொள்கிற அடுக்குமாடிக் குடியிருப்பும் உண்டு (அதில் மெஷின் திரும்பி வரும், பிட் திரும்பி வராது என்பது வேறு கதை). வாடகைக்கு எடுப்பதில் ஒரு வசதி, கனமான ரோட்டரி ஹேமரே கிடைக்கும். கான்கிரீட் பீமில் சாதாரண மெஷினை வைத்து அரை மணி நேரம் போராடுவதை இது அரை நிமிடத்தில் முடித்துவிடும்.

ஆனால் சொந்தமோ வாடகையோ, பிட்டைச் சொந்தமாக வாங்கிவிடுவது நல்லது. சுவருக்கான பிட்டின் முனையில் டங்ஸ்டன் கார்பைடு துண்டு ஒன்று பற்றவைத்திருக்கும், அது இடித்து நொறுக்கித் துளைக்கும். இரும்புக்கான எச்.எஸ்.எஸ். பிட் சீவித் துளைக்கும். ஒன்றை மற்றதன் இடத்தில் விட்டால் இரண்டுமே போச்சு. டைல்ஸ் மேல் ஹேமர் பட்டனைப் போடவே கூடாது, விரிசல் நிச்சயம். ராவல் பிளக் விஷயத்தில் ஒரே ஒரு சோம்பேறித்தனம்தான் எல்லா அலமாரியையும் கீழே தள்ளுகிறது: ஓட்டைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுக்காமல் பிளக்கை அடிப்பது. அந்தக் காலத்தில் தச்சர்கள் சுவரைக் கொத்தி மரக்கட்டையைச் சிமெண்டு வைத்து இறுக்குவார்கள். 1958ல் ஜெர்மனியில் ஆர்டர் ஃபிஷர் நைலான் பிளக்கைக் கொண்டுவந்த பிறகு அந்த உழைப்பு மிச்சமானது. மிச்சமான நேரத்தில் ஒரு தடவை ஊதக் கூடாதா?

மெஷினின் பிளக்கில் இரண்டே பின் இருக்கிறதே, எர்த் இல்லையே என்று சிலர் பயப்படுவார்கள். உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள மெஷின், இரண்டு பின் போதும். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. பிளக்கையே வெட்டிவிட்டு இரண்டு வயரையும் சாக்கெட்டில் செருகி, நழுவாமலிருக்க தீக்குச்சியால் முட்டுக் கொடுக்கிறார்களே, அதற்கு.

இப்போது இந்தக் கட்டுரையில் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டிய இடம். நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர். ஊரில் கட்டிங் மெஷின், ஹேண்ட் கிரைண்டர் என்று என்னென்னவோ பெயர். விலை குறைந்துவிட்டது, டூல் கிட்டோடு சேர்த்தே விற்கிறார்கள். வீடியோவில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் வாங்குகிறார்கள். இந்த மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. 100 மில்லிமீட்டர் தட்டின் விளிம்பு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கணக்குப் போட்டால் வினாடிக்கு 57 மீட்டருக்கு மேல். அதாவது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். முகத்துக்கு ஒன்றரை அடி தூரத்தில்!

வாங்கியதும் பலர் செய்யும் முதல் காரியம், தட்டைச் சுற்றியிருக்கும் இரும்பு மூடியைக் கழற்றி எறிவது. 'மறைக்குதுங்க, வேலை செய்ய முடியல' என்று காரணம் வேறு. மூடியைக் கழற்றினால் ஐந்து அங்குலத் தட்டும் பொருந்திவிடும் என்பது இன்னொரு காரணம். சின்ன மெஷினின் வேகத்துக்கு அந்தப் பெரிய தட்டு தாங்குமா என்று தட்டின் மேல் அச்சடித்திருக்கும் அதிகபட்ச வேகத்தை யாரும் படிப்பதில்லை. ரெசின் வைத்து ஒட்டிய தட்டுகளுக்குக் காலாவதித் தேதி உண்டு, பல தட்டுகளின் நடு வளையத்தில் அது பொறித்திருக்கும். பாலுக்கும் மாத்திரைக்கும் தேதி பார்க்கிற வீட்டில் இதற்குப் பார்க்கிறோமா? இதையெல்லாம் விட மோசம், மரம் அறுக்கும் பல்சக்கரத்தை இதில் மாட்டுவது. பல் மரத்தில் சிக்கிய நொடியில் மெஷின் கையை உதறிக்கொண்டு பின்னால் பாயும். எந்தக் கைப்பலத்தாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. மரம் அறுக்க வேண்டுமென்றால் கை ரம்பம் இருக்கிறது, இல்லாவிட்டால் தச்சுப் பட்டறை இருக்கிறது.

வெல்டிங் பட்டறைகளில் லுங்கி கட்டி, ரப்பர் செருப்பு போட்டு, கண்ணாடி இல்லாமல் இதை ஓட்டுகிற தம்பிகளைத் தினமும் பார்க்கிறோம். அவர்களுக்குக் கண்ணாடி வாங்கித் தராத முதலாளிமார்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். நூறு ரூபாய் சமாச்சாரம். வீட்டில் ஓட்டுகிறவருக்கு அந்தச் சாக்கும் கிடையாது. அவரே முதலாளி, அவரே தொழிலாளி. மூடியோடு ஓட்டத் தெரியாதவர்கள் இந்த மெஷினை வாங்காமலிருப்பதே நல்லது. வீட்டுக்கு அவசியமான கருவி என்று இதை யார் பட்டியலில் சேர்த்தார்களோ தெரியவில்லை.

பராமரிப்பு என்றதும் எல்லோருக்கும் ஆயுத பூஜை ஞாபகம் வரும். வருடம் முழுக்க மொட்டை மாடிப் படிக்கட்டுக்கு அடியில் கிடந்த சுத்தியல் அன்றைக்குக் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மறுநாள் அந்த ஈரச் சந்தனத்தோடேயே பெட்டிக்குள் போய்விடும். அடுத்த வருடம் எடுக்கும்போது பொட்டு வைத்த இடத்தில் பொட்டளவுக்குத் துரு. பொட்டு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மறுநாள் துடைத்துவிட்டு எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாளில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. சென்னை, கடலூர், நாகை மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். இரும்புக்கு எண்ணெய் பூச அதைவிடப் பொருத்தமான நாள் வருடத்தில் கிடையாது.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். தேய்மானம் கணக்கிடப் பல முறைகள் படித்திருப்பார்கள். இயந்திரத்துக்கு வருடம் இத்தனை சதவீதம் என்று கழிக்கலாம். சுத்தியல், ஸ்பேனர், திருப்புளி போன்ற 'லூஸ் டூல்ஸ்' மட்டும் அதற்குள் அடங்காது. தொலையும், உடையும், யாராவது இரவல் வாங்கிப் போவார்கள். அதனால் மறுமதிப்பீட்டு முறை. வருடக் கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பி, இன்றைக்கு இது என்ன பெறும் என்று பார்த்து, போன வருட மதிப்பிலிருந்தும் இடையில் வாங்கியதிலிருந்தும் எவ்வளவு குறைந்ததோ அதைத் தேய்மானமாக எழுதுவது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை கூட லூஸ் டூல்ஸைக் கட்டிடம், இயந்திரம் பக்கத்தில் உட்கார வைக்காமல் சரக்கிருப்புக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறது. ஆயுத பூஜையன்று எல்லாக் கருவியையும் ஒரே பலகையில் பரப்புகிறோமே, அது அசல் ஸ்டாக் டேக்கிங். எது காணோம், எது மழுங்கியது, எது துரு ஏறியது என்று அன்றைக்கு ஒரு சீட்டில் எழுதினால் வருடத்துக்கு ஒரு தடவை எழுதும் அந்தச் சீட்டு, தள்ளுபடிப் பெட்டி வாங்குவதை நிச்சயம் தடுத்துவிடும்.

எண்ணெய் என்றால் எந்த எண்ணெய்? சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெய் எடுத்துப் பூசுகிறவர்கள் அதிகம். நாளாக நாளாக அது காறும், தூசியைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் நல்லது, மெல்லிய படலமாக நிற்கும். சுத்தியலின் காம்பு ஆடினால் தண்ணீரில் ஊறப் போடுவதும் இப்படி ஒரு பழக்கம். மரம் ஊறி உப்பி இறுகும், உண்மைதான். காய்ந்த பிறகு முன்பைவிட அதிகமாக ஆடும், ஏனென்றால் உப்பும்போது இரும்புக் கண்ணுக்குள் நசுங்கிய மரம் திரும்ப விரியாது. ஆப்பு அடிப்பதுதான் வழி. இல்லையென்றால் ஒரு நாள் தலை தனியாகப் பறக்கும், யார் எதிரில் நிற்கிறார்களோ அவர்கள் பாடு.

டேப்பின் நுனியில் இருக்கும் கொக்கி லொடலொடவென்று ஆடுகிறது என்று அதைத் தட்டி இறுக்குகிற புத்திசாலிகளும் உண்டு! அது தன் கனத்தின் அளவுக்கு ஆடுவதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது. வெளியே மாட்டி இழுத்தாலும் உள்ளே முட்டி அளந்தாலும் அளவு ஒன்றாக வருவது அந்த ஆட்டத்தால்தான். ஆக்ஸா பிளேடின் பல் கைப்பிடியைப் பார்க்காமல் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். உளி மழுங்கியிருந்தால் பத்திரம் என்று நினைப்பதும் தப்பு. மழுங்கிய உளியை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும், அழுத்தித் தள்ளுவதுதான் வழுக்கி இடது கையில் ஏறும். தச்சர்கள் தங்கள் உளியை யாருக்கும் இரவல் தராமலிருப்பது கஞ்சத்தனமில்லை.

இத்தனை சொன்ன பிறகு ஒரு சந்தேகம் எழுகிறது. இதையெல்லாம் வீட்டில் யாருக்குச் சொல்லித் தருகிறோம்? ஃபியூஸ் போனால் அப்பா ஸ்டூலில் ஏறுவார், அண்ணன் பக்கத்தில் நின்று பார்ப்பான், தங்கை டார்ச் பிடிப்பாள். பத்து வருடம் டார்ச் பிடித்த பெண் வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ வந்து, அறையில் ஒரு குழாய் ஒழுகினால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க முன்பின் தெரியாத ஒரு ஆளுக்காகக் காத்திருக்கிறாள். தெஃப்லான் டேப்பை மரையின் போக்கிலேயே வலப்பக்கமாகப் பத்துப் பதினைந்து சுற்று சுற்றி, குழாயைத் திரும்ப மாட்டுவது அவ்வளவு பெரிய வித்தையா? பெண் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்கிற வீட்டில்தான், கல்யாணத்துக்குச் சீராக வந்த தையல் மெஷின் ஒன்று முப்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கும். அதன் நூல் இழுவையைச் சரிசெய்வதும், ஊசி மாற்றுவதும், பாபின் கேஸைக் கழற்றிப் பஞ்சு எடுப்பதும், பெல்ட் தளர்ந்தால் வெட்டி மாட்டுவதும் அம்மாதான். மெக்கானிக் அந்தப் பக்கம் வந்தே பல வருடம் இருக்கும். மெஷினுக்கு அடியில் இருக்கும் டிராயரை இழுத்துப் பார்த்தால் ஒரு குட்டித் திருப்புளி, முனை கொஞ்சமும் தேயாமல், ஒரு எண்ணெய் டப்பா, ஒரு பழைய வேட்டித் துண்டு. தீபாவளிக்கு வந்த நூற்றெட்டு உருப்படியில் ஒன்று கூட அந்த டிராயருக்குள் போக அம்மா விட்டதில்லை.